சந்தி எழுத்து

என் ரெக்கார்டு நோட்டில் 33 மணி நேரக் கோழிக்கரு ஒன்று படுத்திருக்கிறது. விலங்கியல் படித்தவர்கள் வீட்டுப் பரணில் இந்தப் படம் எப்படியும் இருக்கும். 24, 33, 48, 72 மணி என்று வரிசையாக, பென்சிலில், லேபிள் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல். கண்ணாடித் தகட்டில் கார்மைன் சாயம் ஏறிய கரு நுண்ணோக்கிக்கு அடியில் செம்பருத்தி நிறத்தில் தெரியும். தலைப்பக்கம் ஒரு குழாய். குழாயில் மூன்று உப்பல்கள். முதல் உப்பலின் இருபுறமும் பின்னால் கண்ணாகப்போகும் புடைப்புகள். அதற்குக் கீழே ஒரு பக்கமாக வளைந்த இதயம். முதுகின் இரண்டு ஓரத்திலும் பத்துப் பன்னிரண்டு சோடிக் கட்டிகள், நெருக்கிக் கட்டிய மல்லிகைச் சரம் மாதிரி.

உப்பல்களுக்கு முன்மூளை, நடுமூளை, பின்மூளை என்று பேர். இரண்டாவதும் மூன்றாவதும் சேரும் இடத்தில் குழாய் இடுப்பு சிறுத்ததுபோல் ஒடுங்கும். அந்த இடுக்கில் ஸ்கேலை வைத்துக் கோடிழுத்து ‘நடுமூளை – பின்மூளை எல்லை’ என்று எழுதினேன். மேடம் பச்சை மையில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கோடு இருக்க வேண்டிய இடம் அதுவல்ல என்று தெரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. மேடத்தைக் குறை சொல்ல முடியாது. பாடப்புத்தகமும் அங்கேதான் போட்டிருந்தது. கண்ணும் அங்கேதான் காட்டுகிறது. வாய்க்காலைப் பார்த்ததும் அதுதான் எல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். சர்வேயர் வந்து புலப்படத்தை விரித்தால் எல்லை நம் வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்.

கருவில் இந்த அளவை வேலையைச் செய்து தந்தது ஒரு காடை.

சாயங்காலப் பரோட்டாக் கடைகளில் மசாலா பூசி அடுக்கி வைத்திருக்கிறார்களே, அந்தப் பண்ணைக் காடைதான், ஜப்பானியக் காடை. 1960களின் பிற்பகுதியில் பிரான்சின் நாந்த் நகரில் நிக்கோல் லெ துவாரின் அதன் திசுக்களைச் சாயமேற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஆய்வுக்கு வந்தவர். காடையின் ஒவ்வொரு செல்லிலும் உட்கருவுக்குள் குரோமாட்டின் ஓரிடத்தில் திரண்டு, பொட்டு வைத்ததுபோல் நிற்பதைக் கண்டார். கோழியின் உட்கருவில் அப்படிப் பொட்டு இல்லை. அது கோலமாவு தூவினதுபோல் பரவிக் கிடக்கிறது. பார்த்தவர்கள் வேறு பேரும் இருந்திருக்கலாம். இதை ஓர் அடையாளமாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது அவருக்கு. கோழிக்கருவில் காடைத் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டால், அதன் செல்கள் எங்கே போனாலும், எத்தனை முறை பிரிந்தாலும், பொட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முன் பயன்பட்ட சாயங்களெல்லாம் செல்கள் பெருகப் பெருக நீர்த்துப்போகும். இந்தப் பொட்டு பரம்பரையாக வரும். 1969இல் அவர் இதை வெளியிட்டார்.

ஒட்டு வைக்கிற முறையில் ஆடம்பரம் எதுவும் கிடையாது. முட்டையைப் படுக்கவைத்து 38 டிகிரிச் சூட்டில் ஒன்றரை நாள் அடைகாக்க வைப்பார்கள். ஊசி குத்தி இரண்டு மூன்று மில்லி வெள்ளைக்கருவை உறிஞ்சியதும், ஓட்டோடு ஒட்டியிருந்த கரு கொஞ்சம் கீழே இறங்கும். பிறகு கத்தரியால் ஓட்டில் ஒரு ஜன்னல். உள்ளே எட்டிப் பார்த்தால் மஞ்சள்கருவின் மேல் ஒன்றுமே தெரியாது. கண்ணாடி போன்ற உடம்பு அதற்கு. ஆகவே அதற்கு அடியில் துளி இந்தியன் இங்க் செலுத்துவார்கள். கறுப்புப் பின்னணியில் அரிசியைவிடச் சிறிதான ஓர் உயிர் வெள்ளைக் கீற்றாக எழுந்துவரும். கூர்தீட்டிய டங்ஸ்டன் ஊசியால் இரண்டாவது உப்பலில் ஒரு துண்டைக் கிள்ளி எடுத்து, அதே வயதுள்ள காடைக்கருவின் அதே துண்டை அங்கே வைப்பார்கள். தையல் இல்லை. ஒட்டு மாஞ்செடிக்குச் சுற்றுகிற சணல்கூட வேண்டாம். சில மணி நேரத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். ஜன்னலை டேப்பால் மூடி முட்டையைத் திரும்ப அடையில் வைத்தால் கரு வளரத் தொடங்கிவிடும். காடை 17 நாளில் பொரிக்கும், கோழி 21 நாளில். அந்தக் கணக்கு வேற்றுமைகூட அவற்றைப் பிரிப்பதில்லை.

பாரிஸில் ரோசா-மக்டா அல்வராடோ-மல்லார்ட்டும் சல்வடோர் மார்ட்டினெஸும் இப்படி நடுமூளை உப்பலைக் காடையாக்கி வளர்த்து, பின்னர் மூளையைச் சீவிப் பார்த்தார்கள். பொட்டுகள் நடுமூளையில் இருந்தன, அது எதிர்பார்த்தது. ஆனால் சிறுமூளையிலும் இருந்தன. சிறுமூளை பின்மூளையின் பிள்ளை என்பதுதான் அதுவரை பாடம். அந்தப் பிள்ளையின் முன்பகுதி நடுமூளை வீடு என்று நாம் பேர் வைத்திருந்த இடத்திலிருந்து வந்திருந்தது. அவர்கள் இதை எழுதியது 1989இல். அடுத்த ஆண்டே லெ துவாரின் குழுவும் இதையே சொன்னது. 1996இல் விவரம் தெளிந்தது. நடுமூளை வரைக்கும் விழித்திருக்கும் ஓடிஎக்ஸ்2 என்ற மரபணு, பத்துச் சோடிக் கட்டிகள் இருக்கிற வயதில் இடுக்குவரை வருவதே இல்லை. அதற்கு முன்னாலேயே, இரண்டாவது உப்பலின் உள்ளேயே நின்றுவிடுகிறது. மெய்யான எல்லை அங்கே ஓடுகிறது. இடுக்கு அப்புறம்தான் எல்லைக்கு வந்து சேருகிறது. நான் கோடு போட்டது வாய்க்காலில்.

எல்லை அங்கேதான் என்று யார் சொன்னது? அந்த இடத்தில் தசையில்லை, எலும்பில்லை, சவ்வுகூட இல்லை. ஒரே தாள் போலச் செல்கள் தொடர்ந்து போகின்றன. முன்பக்கத்துச் செல்களில் ஓடிஎக்ஸ்2 விழித்திருக்கிறது. பின்பக்கத்துச் செல்களில் ஜிபிஎக்ஸ்2. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது வாய் திறக்க முடியாது. முதலில் இரண்டின் ஓரமும் மங்கலாக ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று அடக்க அடக்க, ஓரம் பிளேடால் வெட்டியதுபோல் தெளிந்துவிடும். ஜப்பானின் செண்டாய் நகரில் ஹருகாசு நகாமுராவின் குழு இதை முட்டைக்குள்ளேயே சோதித்தது. குழாய்க்குள் டி.என்.ஏ.வைச் செலுத்திச் சிறு மின்னதிர்ச்சி கொடுத்தால், அது நேர்மின் பக்கத்துச் செல்களுக்குள் மட்டும் நுழையும். ஒரே மூளையின் ஒரு பாதி சோதனை, மறு பாதி சாட்சி. நடுமூளையில் ஜிபிஎக்ஸ்2ஐத் திணித்தால் எல்லை முன்னால் நகர்ந்தது. பின்மூளையின் தொடக்கத்தில் ஓடிஎக்ஸ்2ஐத் திணித்தால் அது நடுமூளையாக மாறியது. எல்லை என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. இரண்டு மறுப்புகள் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் அது.

இதோடு விட்டிருந்தால் அது வெறும் வரப்பு. ஆனால் இந்த வரப்பு விதைக்கிறது.

உடற்கூறு நூல்களில் இந்த இடுக்குக்கு இஸ்த்மஸ் என்று பேர். இரண்டு கடலுக்கு நடுவே கிடக்கும் கழுத்துப் போன்ற நிலத்துக்குக் கிரேக்கர்கள் வைத்த சொல். தமிழில் அதைப் பூசந்தி என்கிறோம். மொழிபெயர்த்தவருக்குத் தெரிந்திருக்குமோ தெரியாது, கிரேக்கத்தில் இல்லாத ஒன்று தமிழ்ச் சொல்லில் வந்து உட்கார்ந்துவிட்டது: சந்தி. நமக்குச் சந்தி என்றால் தெருமுனை. இலக்கண வகுப்பில் சந்தி என்றால் புணர்ச்சி. பலாவும் பழமும் சேர்ந்தால் பலாப்பழம். நடுவில் நிற்கும் ‘ப்’ யாருடையது? பலாவிடம் அது இல்லை. பழத்தின் ‘ப’ பழத்திடமே பத்திரமாக இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாக ஆயிரம் முறை சொன்னாலும் அது வராது. பக்கத்தில் வைத்த கணத்தில் வருகிறது. நன்னூல் இதற்குத் தோன்றல் என்று பேர் வைத்து, திரிதல், கெடுதல் என்று இன்னும் இரண்டைச் சேர்த்துச் சொல்லும்.

நடுமூளையும் பின்மூளையும் சேரும் சந்தியில் தோன்றுவது எஃப்ஜிஎஃப்8 என்ற புரதம். எல்லைக்குப் பின்பக்கத்து ஓரத்தில், மோதிரம் போல ஒரு வளையமாக அது சுரக்கிறது. 1999இல் லண்டனில் கேரல் இர்விங்கும் ஐவர் மேசனும் அந்த வளையத்தையே அறுத்தெடுத்துவிட்டு, நடுமூளைத் திசுவையும் பின்மூளையின் முதல் கணுவையும் நேராக அண்டவைத்தார்கள். வளையம் மறுபடி முளைத்தது. இந்த இரண்டு திசுவும் தொட்டுக்கொண்டால் போதும். எழுத்தை அழித்தாலும் சொற்கள் அடுத்தடுத்து நிற்கும்வரை சந்தி தானாக வந்துவிடுகிறது.

இந்த வளையம் தன்னைச் சுற்றியுள்ள திசுவுக்குத் தொழில் பிரித்துக் கொடுக்கிறது. முன்னால் இருப்பதை நடுமூளையாக வளர்க்கிறது. பின்னால் இருப்பதைச் சிறுமூளையாக்குகிறது. இப்படிப்பட்ட திசுவுக்கு ஆர்கனைசர் என்ற பேர் 1924இலிருந்து இருக்கிறது. ஜெர்மனியின் ஃப்ரைபூர்கில் ஹான்ஸ் ஸ்பேமானும் அவருடைய மாணவி ஹில்டே மங்கோல்டும், நிறம் வேறுபட்ட இரண்டு வகை நியூட் கருக்களில் ஒன்றின் துண்டை மற்றதில் ஒட்டவைத்து, ஒரு கருவில் இரண்டாவது உடம்பையே எழுப்பிக் காட்டினார்கள். தமிழில் அமைப்பாளர் என்று சொன்னால் கட்சிக்காரர் ஞாபகம் வருகிறது. எனக்குச் சத்துணவு அமைப்பாளர் ஞாபகம்தான் வரும். எங்கள் பள்ளியில் அந்த அக்கா அடுப்புப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை. சமையலம்மா உலை வைப்பார், ஆயா காய் நறுக்குவார். ஆனால் அக்கா லீவு போட்ட அன்றைக்கு அரிசி அளக்க ஆளில்லாமல் எல்லாம் நின்றுபோகும். இஸ்த்மஸ் அப்படித்தான். தான் பெரிதாக எதுவும் ஆவதில்லை. அதை எடுத்துவிட்டால் முன்னும் பின்னும் உருவாகாது.

மார்ட்டினெஸும் தோழர்களும் 1991இல் காட்டியது இதைத்தான். காடையின் இஸ்த்மஸ் பகுதியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, இரண்டு நாள் கோழிக்கருவின் முன்மூளையில் பின்னோரமாகப் பதித்தார்கள். சுற்றியிருந்த கோழிச் செல்கள் முன்மூளை ஆவதைக் கைவிட்டு நடுமூளை ஆயின. இது திரிதல். 1996இல் சான் பிரான்சிஸ்கோவில் கேயில் மார்ட்டினின் ஆய்வகமும் மார்ட்டினெஸும் சேர்ந்து இன்னும் துணிந்தார்கள். உயிருள்ள துணுக்குகூட வேண்டாம் என்று, எஃப்ஜிஎஃப்8இல் ஊறவைத்த பொடி மணி ஒன்றை அதே இடத்தில் வைத்தார்கள். அங்கே இரண்டாவது நடுமூளை ஒன்று எழுந்தது. கண்ணாடியில் பார்த்ததுபோல் திசை மாறி, முதலாவதை எதிர்நோக்கிக்கொண்டு.

அந்தப் புரதத்தில் ‘நடுமூளை’ என்று எங்கேயும் எழுதியில்லை என்பதுதான் என்னை நிறுத்திவைக்கிறது. அதை முதலில் கண்டெடுத்ததே எலியின் மார்பகப் புற்றுநோய்ச் செல்களில், 1992இல். அதே மணியைக் கோழிக்கருவின் விலாவில் வைத்தால் அங்கே இன்னொரு கால் முளைக்கிறது. பின்மூளையில் இஸ்த்மஸ் துணுக்கை வைத்தால் சிறுமூளை. முன்மூளையில் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தால் நடுமூளை வருவதே இல்லை. கோயில் மணி அடித்தால் ஒருத்தர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார், ஒருத்தர் கடையைப் பூட்டுகிறார், பள்ளிப் பிள்ளை பஸ்ஸுக்கு ஓடுகிறது. மணி சொன்னது ‘டண்’ மட்டும். கேட்கிற செல் ஏற்கனவே எந்த மரபணுவை விழிக்கவைத்துக்கொண்டு நிற்கிறதோ, அதைப் பொறுத்து அர்த்தம்.

மணியோசையின் பலமும் ஒரு கணக்குதான். செண்டாய்க் குழு 2001இல் இந்தப் புரதத்தின் இரண்டு வடிவங்களை ஒப்பிட்டது. பலம் குறைந்த வடிவம் நடுமூளையை நீட்டியது. பலம் மிகுந்தது நடுமூளையையே சிறுமூளையாக மாற்றிவிட்டது. எல்லையிலிருந்து எத்தனை தூரத்தில் நிற்கிறோம் என்பது ஒவ்வொரு செல்லுக்கும் இப்படித்தான் தெரிகிறது.

இந்தத் தூரக் கணக்கு வீண்போவதில்லை. பறவையின் நடுமூளைக் கூரை, கண்ணிலிருந்து வரும் நரம்பிழைகள் இறங்கும் மைதானம். மனிதருக்குச் சுண்டைக்காயாக ஒடுங்கிவிட்ட இந்தப் பகுதி, கோழிக்கு இரண்டு பெரிய கோளங்கள். விழித்திரையின் மூக்குப்பக்கத்து இழைகள் அந்த மைதானத்தின் பின்கோடிக்குப் போக வேண்டும். காதுப்பக்கத்து இழைகள் முன்கோடியில் நின்றுவிட வேண்டும். எது முன், எது பின் என்று இழைக்கு எப்படித் தெரியும்? இஸ்த்மஸ் பக்கம் போகப்போக எபிரின் என்ற புரதத்தின் அடர்த்தி கூடுகிறது. காதுப்பக்கத்து இழைகளுக்கு அது ஆகாது. ஓரளவுக்கு மேல் உள்ளே வராமல் நின்றுவிடும். பிறந்த குஞ்சின் பார்வையில் உலகம் கலங்காமல் விரிவதற்கு, ஒன்றரை நாள் கருவில் இந்த ஓரத்தில் எழுந்த மணியோசை ஒரு காரணம். பொரித்த அன்றே குஞ்சு தரையில் கிடக்கும் நொய்யைக் கொத்தத் தொடங்குகிறது. பார்க்கும் மைதானம் எல்லைக்கு இந்தப் பக்கம். கொத்தக் குனிகையில் உடம்பு சாய்ந்துவிடாமல் பிடிக்கும் சிறுமூளை அந்தப் பக்கம்.

இவ்வளவு ஆன பிறகு அந்த எல்லையைத் தாண்டவே முடியாது என்று தோன்றும். அங்கேயும் காடையும் கோழியும் நம்மை லேசில் விடவில்லை. லண்டனில் ஆண்ட்ரூ லம்ஸ்டெனின் ஆய்வகத்தார் 2001இல் கோழிக்கருவின் செல்களைக் குறியிட்டுப் பின்தொடர்ந்தபோது, அவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருவதைக் கண்டார்கள். எலியிலும் வரிக்குதிரை மீனிலும் வேறு சிலர் பார்த்தபோது, இரு பக்கத்துச் செல்களும் கலப்பதில்லை என்று தெரிந்தது. பின்மூளையின் கணுக்களுக்கு நடுவே வேலி உண்டு என்பதும் 1990இலேயே கோழியில் காட்டப்பட்டதுதான். ஆனால் இந்தச் சந்தியைப் பொறுத்தவரை, கோழியின் செல்லுக்கு வேலி அவ்வளவு கெடுபிடியில்லை. எல்லை கடந்த செல் போன இடத்தின் பேச்சைப் பேசத் தொடங்குகிறது. ஆட்கள் மாறுகிறார்கள், எல்லை நிற்கிறது. இரண்டு நாள் கருவில் நடுமூளைத் துண்டை அப்படியே முன்பின்னாகத் திருப்பி வைத்தாலும், அது புது இடத்தின் திசையைக் கற்றுக்கொள்கிறது. கொஞ்சம் பிந்தித் திருப்பினால்தான் பழைய திசையை விடாமல் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் ஒரு வயது இருக்கிறது.

ஒட்டுக் கருக்களில் சில பொரித்து வெளியே வந்தன. 1988இல் எவான் பலபான், லெ துவாரின் குழுவோடு சேர்ந்து, அப்படி வந்த குஞ்சுகளின் குரலைப் பதிவு செய்தார். கோழிதான், கோழியின் இறகு, கோழியின் தொண்டை. அதற்குள் காடையின் மூளைத் துண்டு. ஆண் சுரப்பியைக் கொடுத்து இளவயதிலேயே கூவவைத்தபோது, கூவலின் அடுக்கு காடையுடையதாக இருந்தது. துண்டு துண்டாக, காடை தன் குரலை வெட்டுகிற அதே தாளத்தில். 1997இல் பலபான் இதை இன்னும் பிரித்துப் பார்த்தார். நடுமூளையை மாற்றினால் ஒலியின் அடுக்கு மாறியது. பின்மூளையின் கடைப்பகுதியை மாற்றினால், கூவும்போது தலையை ஆட்டுகிற விதம் காடையாயிற்று. கூவல் என்று நாம் ஒரே மூச்சில் சொல்லும் ஒன்று எல்லைக்கு இரண்டு பக்கமும் பாதி பாதியாக இருந்திருக்கிறது.

அந்தப் பறவைகள் நெடுநாள் இருக்கவில்லை. முட்டைக்குள் இருந்தவரை காடை எது, கோழி எது என்று யாரும் கேட்கவில்லை. பொரித்துச் சில வாரங்களில் கோழியின் நோயெதிர்ப்புச் செல்கள் வயதுக்கு வந்து, தலைக்குள் இருக்கும் பொட்டு வைத்த செல்களை அந்நியம் என்று அடையாளம் கண்டு தாக்கத் தொடங்கின. உடம்புக்கு இரண்டு வகை எல்லை தெரியும் போலிருக்கிறது. ஒன்று இரண்டு பேர் அண்டி நிற்கும்போது இருவரிடமும் இல்லாத எழுத்தைத் தருவது. மற்றது பிந்தி வருவது, கூடியிருந்தவரைக் கணக்கெடுப்பது. இலக்கணத்தில் மூன்றாவதாகச் சொல்லியிருக்கிறதே, கெடுதல். படிக்கிறபோது அது ஓர் எழுத்து விழுந்துபோவது மட்டும்தான்.

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது நோட்டு கையில் வந்தது. ரப்பரை எடுத்து அந்தக் கோட்டை அழித்தேன். பென்சில் போனாலும் ஸ்கேல் வைத்து அழுத்திய தடம் தாளில் நின்றது. கொஞ்சம் முன்னால் தள்ளி, இரண்டாவது உப்பலுக்குள் புதுக்கோடு போடக் கை போனது. போடவில்லை. ரெக்கார்டுப் படத்தில் நிழல் காட்ட மேடம் கோடு கிழிக்கவிட மாட்டார். புள்ளி வைக்கத்தான் சொல்வார். பென்சிலைச் சீவிக்கொண்டு, முன்பக்கத்திலிருந்து கொஞ்சம், பின்பக்கத்திலிருந்து கொஞ்சம் என்று புள்ளிகளாக வைத்துக்கொண்டு வந்தேன். நடுவில் அவை நெருங்கின. சில புள்ளிகள் எந்தப் பக்கத்துக்கு வைத்தவை என்று எனக்கே தெரியவில்லை.